டைகரின் இம்யூனிட்டி

எங்கள் நாயை உண்ணி கடிக்காது என்பது ஒரு காலத்தில் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கே தெரிந்த உண்மை. அதைக் கண்டுபிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு வேலை தேடி பெங்களூருக்கு வந்து, எங்கள் மாடி வீட்டின் முன்னறையில் தங்கியவர் அவர். சிவாஜிநகரில் ஒரு மருந்துக் கடையில் சில மாதம் நின்றார். கடை கை மாறியதும் அந்த வேலையும் போய்விட்டது. ஆனாலும் மருந்து வாசனை அவரை விட்டுப் போகவில்லை. தலைவலியானாலும் வயிற்றுவலியானாலும் நாங்கள் அவரைத்தான் கேட்போம். அப்பா மட்டும் கேட்கமாட்டார். சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு எங்கனா போனியா?" என்று ஒரே ஒரு கேள்வி. மாமா தட்டைப் பார்த்தபடி, "போனேன்" என்பார். அதோடு சரி. அதற்குமேல் அந்த இருவருக்குள்ளும் பேச்சு கிடையாது.

டைகர், பஸ் ஸ்டாப்பிலிருந்து என் பின்னாலேயே நடந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட செம்பட்டைத் தெருநாய். பூனை எதிரே வந்தால் சுற்றிக்கொண்டு போகும் அளவுக்குச் சமாதானப் பிரியன். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "சனியன்" என்றுதான் கூப்பிடுவாள். டைகர் என்று கூப்பிட்டால் வராத நாய், சனியன் என்றால் ஓடி வரும்.

கீழ் வீட்டில் ஓனரம்மா. எங்களுக்காகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தன் கன்னடத்துக்குத் திரும்பிவிடுவார். அவரிடம் பிங்கி என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிங்கியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பிங்கியின் காதுக்குள் உண்ணி. தெருநாய் வளர்க்கிறவர்களுக்கு வீடு கொடுத்தது தன் தப்பு என்றும், ஒன்று அந்த நாய் போகவேண்டும், இல்லையென்றால் நாங்கள் போகவேண்டும் என்றும் முழுக் கன்னடத்தில் சொன்னார். ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதாக அப்பா உடனே ஒத்துக்கொண்டார். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் மாமா முன்னறையிலிருந்து வந்தார். டைகரைப் பிடித்து மல்லாக்கப் போட்டார். காதுகளைத் திருப்பிக் காட்டினார், கால்விரல்களை விரித்துக் காட்டினார். பேருக்குக்கூட ஒரு உண்ணி இல்லை.

"நோடி ஆன்ட்டி, நல்லாப் பாருங்க," என்றார். "இதுக்கே இல்லாத உண்ணிய இது எப்டி உங்க பிங்கிக்குக் குடுக்கும்? இது ரத்தத்துல இம்யூனிட்டி இருக்குது. உண்ணி கடிச்சாலும் தங்காது. உழுந்துடும்."

ஓனரம்மா டைகரின் காதைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு தமிழுக்கு வந்தார்.

அன்றிலிருந்து மாமாவின் நாட்கள் மாறின. தெருநாயைச் சிறு வயதிலிருந்தே உண்ணி கடித்துக் கடித்து அதன் ரத்தம் பாடம் படித்துவிடுகிறது, வீட்டு நாயை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி நாம்தான் மக்காக வைத்திருக்கிறோம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஓனரம்மா பிங்கியின் ஷாம்பூவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். டைகரோடு சேர்ந்து மண்ணில் படுக்கவும் விட்டார். சீக்கிரமே பிங்கி தரை துடைக்கும் துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் நாயோடு வந்து மாமாவிடம் யோசனை கேட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிசயம், ஒருநாள் சாப்பிடும்போது அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "ஏம்ப்பா, அது எப்டி ரத்தத்துக்குத் தெரியுது?" என்று கேட்டார். மாமா கையிலிருந்த சோறு காயும்வரை விளக்கினார்.

அந்தச் சமயத்தில் அம்மா ஒரு கல்யாணத்துக்காகத் தங்கவயலுக்குப் போனாள். கல்யாணம் முடிந்தும் சொந்தக்காரர்கள் விடவில்லை, சில நாள் தங்கிவிட்டாள். இங்கே ஒரு மாலை, அடுத்த தெருவிலிருந்து ஒரு பெரியவர் கொழுகொழுவென்ற லாப்ரடாரோடு வந்தார். மாமா நாற்காலி போட்டு உட்காரவைத்து, ரத்தத்தின் படிப்பைப் பற்றி விளக்கிவிட்டு, "இப்பப் பாருங்க" என்று டைகரின் காதைத் திருப்பினார்.

காதுக்குள் ஆமணக்கு விதையைக் கொட்டி வைத்தாற்போல உண்ணிகள். ஒன்று நிதானமாக நடந்து மாமாவின் விரலுக்கு வந்தது.

பெரியவர் லாப்ரடாரின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். மாமா அசரவில்லை.

"இதெல்லாம் உள்ள போற உண்ணி இல்ல சார்," என்றார். "வெளிய வர்ற உண்ணி. இம்யூனிட்டி புடிச்சித் தள்ளுது."

பெரியவர் போய்விட்டார். அவருக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்த ஓனரம்மா போகவில்லை, வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இரண்டு நாய்களோடும் மாமாவையும் என்னையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா மாமா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முயலுக்கும் சீமை எலிக்கும் அப்படி எதிர்ப்பு வருவது உண்டாம். சில தடவை உண்ணி கடித்துவிட்டால் அடுத்த முறை வரும் உண்ணியால் சரியாக ரத்தம் குடிக்க முடியாதாம். ஆனால் நாய்களைக் கடிக்கிற இந்த உண்ணிக்கு எதிராக நாயின் உடம்பு எத்தனை கடி பட்டாலும் பெரிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லையாம். மருந்து போடவேண்டும், அதோடு தினமும் உட்கார்ந்து கையால் பொறுக்கவேண்டும் என்றார். டைகரின் கால்விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சமீபத்தில் ஏறியவைதான், இவ்வளவு நாள் இதற்கு யார் பொறுக்கினார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று மாமா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஓனரம்மா மாமாவிடம் முழுக் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார். டைகர் வெளியே போகத்தான் வேண்டும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் ஆட்டோவில் பிங்கி டைகரின் முதுகில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது. இறங்கும்போது பிரித்து எடுத்ததும் அது போட்ட கூச்சலில் ஓனரம்மா மனம் மாறிவிட்டார். மாமா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அந்த டாக்டரு பொஸ்தகத்துல இருக்குற நாயப் பத்திப் பேசறாங்க. நம்ம டைகரு பொஸ்தகம் படிச்ச நாயில்ல."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. அம்மா ஊரிலிருந்து வந்து சில நாளிலேயே டைகரின் காதும் பழையபடி சுத்தமாகிவிட்டது. இம்யூனிட்டி நடுவில் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொண்டது என்று மாமா அறிவித்தார். ஆஸ்பத்திரி சமாச்சாரம் அப்பாவின் காதுக்குப் போகவே இல்லை.

பிறகு ஒருநாள் யாரோ இறந்துபோனதற்காக மத்தியானமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். வீட்டில் அம்மா இல்லை. மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் டைகரின் தலை. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய். என் தலையில் பேன் பார்ப்பதைப்போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காதுக்குள் தேடி, நகத்தால் எடுத்து டப்பாவில் போட்டாள். "ஆடாம இரு சனியனே," என்று அதனிடம் கொஞ்சலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டைகர் கண்ணை மூடிக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் டப்பாவைப் புடவைக்குள் மறைத்தாள்.

"மாமாகிட்டச் சொல்லாத," என்றாள். பிறகு, "அப்பாகிட்டயும் சொல்லாத."

"ஏம்மா?"

"உங்கப்பா இப்பதான் அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசறாரு."

உண்ணிக்கும் அப்பா பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். மாமா இவ்வளவு பெரிய ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். அம்மா படிக்காதவள், விஷயம் தெரியாமல் நடுவில் புகுந்து அதைக் கெடுக்கிறாள். மாட்டிக்கொண்ட பயத்தில் சொல்லாதே என்கிறாள். அம்மாவைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா, பிங்கிக்கும் அந்த இம்யூனிட்டி வருமா என்று மாமாவிடம் கேட்டார். வரும், ஆனால் நாளாகும் என்று மாமா ஆரம்பித்தார். அம்மா ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று, முதல் தடவை கேட்பவள்போல, "அப்புறம்?" என்றாள். இவ்வளவு கூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.