பூச்சிக் குளிசையும் என் சுன்னத்து நோன்பும்

அன்று நான் சுன்னத்து நோன்பு; கடமையில்லை, நானாக விரும்பிப் பிடித்தது. ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் நீட்டியவர்களுக்கும், நீட்டாதவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டு, தரம் இரண்டுப் பிள்ளைகளுக்கும் போய்ச் சொன்னேன். அப்படியொரு பக்தி எனக்கு.

சற்று நேரத்தில் சுகாதாரப் பரிசோதகர் வயிற்றுப் பூச்சிக்கான குளிசைகளோடு வகுப்புக்கு வந்தார். அதை விழுங்கப் பிள்ளைகள் எவரும் வாயைத் திறக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, டீச்சர் எப்பிடி விழுங்கிறன் எண்டு!"

குளிசையொன்றைப் போட்டு, மடக்கு மடக்கென்று தண்ணீரும் குடித்தேன்.

"நோம்பு எண்டு சொன்னீங்களே டீச்சர்?" என்றாள் முன்வரிசை வாங்கில் இருந்த சிறுமி.

பரிசோதகர் கூரையைப் பார்த்தார்.

"மறந்து திண்டா நோம்பு முறியாது" என்று உடனே ஃபத்வா கொடுத்துவிட்டு, அடுத்த குளிசையை அவளிடமே நீட்டினேன்.

"நானும் நோம்பு டீச்சர்."

"அப்ப வாயில என்ன?"

"வடை டீச்சர். மறந்து திண்டுட்டன்."