பகேரியாவில் காய்த்த கிளா

கரீசா என்ற புதரை இப்போது நான் நாற்றுப் பண்ணையில் வளர்த்து விற்கிறேன். வாங்க வருகிறவர்களுக்கு வரிசையாகச் சொல்வேன். தென்னாபிரிக்கக் கடற்கரை மணலில் காடாக வளர்வது. உப்புக் காற்றைத் தாங்கும், உறைபனியைத் தாங்காது. முள் கவர்விட்டிருக்கும், ஆடும் நுழையாது, கள்வனும் நுழைய மாட்டான். வெள்ளைப் பூவுக்கு மல்லிகை மணம். விதை போட்டால் காய்க்கப் பொறுமை வேண்டும். இளங்கிளையைப் பாதியளவு வெட்டிச் செடியிலேயே சில வாரம் தொங்கவிட்டுப் பிறகு மணலில் ஊன்றினால் கெதியாக வேர்விடும். பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா சிசிலியில், பலெர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா பலெர்மோவிலிருந்து ரயிலேறி பகேரியாவில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டைத் துப்புரவாக்கப் போவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லை என்பது ஒரு காரணம். அம்மாவுக்கு இத்தாலிய மொழி கேட்டால் விளங்கும், வாயில் வராது என்பது மற்றது. அவருடைய வாய் நான்தான்.

அந்த வீட்டு வேலி முழுக்கக் கரீசா. ஒரு செப்டம்பர் காலை, அதில் சிவப்பாகப் பழம் தொங்கியதைக் கண்டு அம்மா நின்றுவிட்டார். இலையைக் கிள்ளினார், பால் வடிந்தது. பூவை மணந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, எங்கட கிளா மாதிரியே கிடக்கு! நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை உப்பும் தூளும் போட்டுத் தின்னுறது."

ஊரில் வேலியோரம் காய்க்கும் களாவைத்தான் அம்மா கிளா என்பார். சொல்லிவிட்டு அவர் வேலைக்கு உள்ளே போனார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

சின்யோரா என்னைக் கண்டபோது என் தாடையெல்லாம் சிவப்பு, உதட்டில் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. "வெலேனோ! நஞ்சு!" என்று கத்தினார். பால் வடிகிற செடியெல்லாம் அலரிக்கு, அந்த நச்சு அரளிக்கு, சொந்தம் என்பது அவருடைய கணக்கு. பேரப்பிள்ளைகளை அந்த வேலியை அண்டவே விடமாட்டார். என்னை இழுத்துச் சமையலறைக் கதிரையில் இருத்திவிட்டு, அம்புலன்சுக்கு அடிக்கத் தொலைபேசியை எடுத்தார். நல்ல மனுஷி.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"வேண்டாமெண்டு சொல்லு. ஆஸ்பத்திரியிலை பேப்பர் கேப்பினம். அது எங்கட கிளா மாதிரி, ஒண்டும் செய்யாதெண்டு சொல்லு."

அம்மாவின் பெர்மெசோ, அதாவது தங்கும் அனுமதி, அப்போது இன்னும் கிடைக்கவில்லை. சீருடையைக் கண்டால் நாங்கள் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கும் மாதங்கள் அவை. அது எனக்கும் தெரியும். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "ரோபா நோஸ்த்ரா." எங்கள் சாமான்.

"வோஸ்த்ரா? உங்களுடையதா?" சின்யோரா திகைத்துப் போனார். சிசிலியில் ரோபா என்றால் நிலபுலத்தையும் சொல்வார்கள். இந்தப் பெண் என் வேலிக்கு உரிமை கேட்கிறாளா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார். பிறகு விளங்கிச் சிரித்தார். "உங்கள் ஊரிலும் இதே செடியா?"

நான் பலமாகத் தலையாட்டினேன்.

அவர் அம்மாவிடமே கேட்டார்: "நிச்சயமா?"

அம்மா என்னைப் பார்த்தார். "சி, சின்யோரா" என்றார். தொலைபேசி கீழே போனது.

அம்மா தோட்டத்துக்குப் போய் மிச்சப் பழமெல்லாம் பறித்து ஏப்ரனில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சமையலறையில் ஒருநாளும் கதிரையில் இராதவர், என் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினார்.

"அம்மா, எனக்கும்!"

"நீ திண்டது காணும். சும்மா இரு."

"என்ன பசி இவளுக்கு!" என்று சின்யோரா பகிடி பண்ணினார்.

கரீசா கிளாவின் ஒன்றுவிட்ட உறவு என்றும், அதில் பழம் மட்டுமே தின்னத்தக்கது என்றும் பின்னாளில் விவசாயப் படிப்பில் படித்தேன். கிளாப்பழம் சிறியது, முற்றினால் கறுக்கும். அம்மா இப்படிச் சிவந்து பெருத்த ஒன்றை அதற்கு முன் கண்டதே இல்லை. அலரி நஞ்சு நெஞ்சுத் துடிப்பை மெல்ல மெல்ல நிறுத்திவிடும் என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவருக்கு நன்றாகத் தெரியும். 'மாதிரி' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டதும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அன்று திரும்பி வரும்போது ரயிலில் நான் அவரோடு கதைக்கவில்லை. எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காத அம்மா. அவர் என் மணிக்கட்டை, நாடி துடிக்கும் இடத்தில், விரல்களால் அழுத்திப் பிடித்தபடியே வந்தார். கோபத்தில் நான் எங்காவது இறங்கி ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.