பிடித்துக்கொள்ள ஒரு ஆள்

சின்னப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுப்பது லேசான வேலை இல்லை. கை ஒடிந்த வலியில் கத்தும், புரளும், மேசையை விட்டு இறங்கி ஓடப் பார்க்கும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் யாராவது உள்ளே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். சேலத்தில் நான் வேலை பார்க்கும் எலும்பு ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் அந்த ஆளாக நான்தான் இருந்தேன்.

நான் நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தவள். ஆரம்பத்தில் என்னை எக்ஸ்ரே அறைப் பக்கமே விடமாட்டார்கள். "கண்ணாலம் ஆகாத புள்ள, உள்ள போகாத" என்று மேனேஜரம்மா தடுப்பார். கல்யாணம் ஆன பிறகு, "புள்ள பெக்கோணுமில்ல, தள்ளி நில்லு" என்றார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துகூடப் போனேன். இரண்டாவது பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரமே, "இனி உனக்கென்ன சாமி, நீயே போய்ப் புடி" என்றார்.

பிள்ளை பெற்று முடித்துவிட்டால் ஒரு பெண்ணின் உடம்பே முடிந்துபோகிறது என்பது அவர்கள் நினைப்பு. கருப்பையைத் தவிர குடல், ஈரல், கிட்னி என்று எனக்கு ஒன்றுமே கிடையாது போலிருக்கிறது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமல் இருக்க ஈயம் வைத்த அங்கி ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று. அது டாக்டருக்கு, ஆபரேஷன் தியேட்டரில் தொங்கும். எக்ஸ்ரே எடுக்கும் தம்பி கண்ணாடி பதித்த சுவருக்குப் பின்னால் நின்றுகொள்வார். அவர் சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க அதை அவ்வப்போது அனுப்பி வைப்பார்கள். எனக்கும் ஒன்று கேட்டேன். "அது எக்ஸ்ரே ஸ்டாஃபுக்கு மட்டுந்தானுங்க்கா" என்றார் அவர். சுவருக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் பேட்ஜ். பிள்ளையைக் கட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறவளுக்கு ஒன்றும் இல்லை. நான் என்ன, ஆஸ்பத்திரிக்கு விருந்தாடியா வந்திருந்தேன்?

போன வருடம் சிறுநீரில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்ததில் இடது கிட்னியில் கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லிக் கிட்னியையே எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டரிடம் என் வேலையைச் சொல்லி, அதனாலா என்று கேட்டேன்.

"வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கதிர் பட்டா ஆபத்து கூடலாம்மா. ஆனா உங்க கட்டி அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. இருக்கிற கிட்னியப் பத்திரமா வச்சுக்கங்க. இனி அந்த ரூமுக்குள்ள நிக்காதீங்க. பிள்ளையப் பிடிக்கணும்னா அதோட அப்பா அங்கியப் போட்டுட்டுப் பிடிக்கட்டும். ஒரே ஆள் தினமும் பிடிக்கவே கூடாது."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். கோபமெல்லாம் மேனேஜரம்மா மேல்தான். என்னைப் பார்க்க ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர் உட்காருவதற்கு முன்பே, "நம்ம ஆஸ்பத்திரியால இல்லீன்னு டாக்டரே சொல்லிப்போட்டாராமா?" என்றார். பாதியை மட்டும் எவ்வளவு பத்திரமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்! அந்தப் பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

காயம் ஆறியதும் வேலைக்குத் திரும்பினேன். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வெளிமாநிலம் போகிறவர், அவர் சம்பாத்தியம் மட்டும் போதாது. எக்ஸ்ரே அறைக்குள் மட்டும் போகமாட்டேன் என்று முதல் நாளே சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மாடிப்படியில் விழுந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் வந்தார்கள். குழந்தை கிட்டேயே நெருங்க விடவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் பிடிப்பதற்குப் போனாள். மேனேஜரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஒருக்கா நீயே புடி சாமி. அவ இன்னும் வாழோணும். உனக்குத்தான் வர வேண்டியது வந்து, எடுத்தும் போட்டாச்சே."

குரலில் துளி வன்மம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இன்னொரு கிட்னி இருக்குதுங்க" என்றேன்.

வராந்தாவே கேட்கிற மாதிரி சொன்னேன் போலிருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கவே தியேட்டருக்குப் போய் அங்கியை எடுத்து வந்து குழந்தையின் அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். பாரம் தாங்காமல் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

"நீங்க வரலீங்களா?" என்று கேட்டார்.

"வரமாட்டேனுங்க."

கதவை வெளியிலிருந்து சாத்தினேன். உள்ளே குழந்தை வீறிட்டது. பிள்ளை அழுதால் உள்ளே ஓடியே பழகிய கால்கள். அசையாமல் நிறுத்திவைத்தேன்.