இடது காலில் கேட்காத சத்தம்

என் அண்ணனுக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட்டில் வேலை. ஐஸ் கட்டிகளை வெறும் கையால் தள்ளிக்கொண்டுபோவார். குளிருகிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஐம்பது வயது தாண்டியதும் இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் பைபாஸ் செய்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தும் இதயம் களைத்துத்தான் கிடந்தது. அதற்குத் துணையாக, இடது தொடையின் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய பலூனை நெஞ்சு வரைக்கும் செலுத்தி வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் 'டக், டக்' என்று அதை ஊதுவதும் சுருக்குவதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரே ஒருவர் ஐ.சி.யூ.வுக்குள் போகலாம் என்றார்கள். அண்ணிக்குத் தெம்பில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் படபடன்னு வருது" என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும்தான் அண்ணனுக்குச் சுவாசக் குழாயை எடுத்திருந்தார்கள். தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"யாருத்தா என் காலப் புடிச்சுக்கிட்டு இருக்கது?"

கால்மாட்டில் யாரும் இல்லை. போர்வை அசையாமல் கிடந்தது.

"யாரும் இல்லண்ணே."

"இருக்காங்கத்தா. எடது கால. கை சில்லுன்னு இருக்கு. விடச் சொல்லு."

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கண் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒருவர் நின்றால் அவருடைய முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, சரியாக அந்த உயரத்தில். நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சற்றுத் தள்ளியே பார்த்தார்.

போர்வையை விலக்கினேன். இரண்டு பாதங்களின் மேலும் நீலப் பேனாவில் பெருக்கல் குறி போட்டிருந்தது. நாடி தெரியும் இடம் அது, மணிக்கொரு தடவை தொட்டுப் பார்ப்போம் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தார். இடது பாதம் மெழுகு நிறத்தில் இருந்தது. குறி மேல் விரலை வைத்தேன். உயிருள்ள உடம்பைத் தொட்டது போலவே இல்லை. ஆனால் விரலுக்கடியில் துடித்தது. தெளிவாக, வேகமாக.

"நாடி நல்லா இருக்குண்ணே. ரத்தம் ஓடுது. பயப்படாதீங்க."

"அப்ப ஏன் விடமாட்டேங்குறாங்க?"

நான் போர்வையை இழுத்து மூடினேன். நர்ஸ் அடுத்த கட்டிலில்தான் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. எங்கள் ஊர் அரிமளத்தில் மழை பெய்ததையும் அவருடைய மகள் போன் பண்ணியதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும்.

நர்ஸ் வந்து வலது பாதத்தைத் தொட்டார். பிறகு இடது. அங்கேயே விரல் நின்றது. உடனே போய், பேனா மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து, ஜெல் தடவி வலது பாதத்தில் வைத்தார். 'உஷ், உஷ்' என்று ரத்தம் ஓடுவது அறை முழுக்கக் கேட்டது. இடது பாதத்தில் வைத்தார். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் இரைச்சல் மட்டும். கணுக்காலிலும் அதேதான்.

"நான் இப்பத்தான் பாத்தேன் சிஸ்டர். துடிச்சுச்சு."

"கட்டை வெரலால பாத்தீங்களா?"

"ஆமா."

"அது உங்க நாடிங்க. பயத்துல இருந்தா இன்னும் பலமாத் தெரியும்."

நான் என் கையைப் பார்த்தேன். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. செத்துக்கொண்டிருந்த ஒரு காலில் என்னுடைய ரத்தத்தைக் கேட்டுவிட்டு அவருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் ஓடிவந்தார். பத்து மணிக்குப் பார்த்தபோது நாடி இருந்தது என்றார் நர்ஸ். "பதினொண்ணுக்கு நான் தொட்டப்பவே சில்லுன்னுதான் சார் இருந்துச்சு" என்றேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, பலூனை எடுத்துவிட்டுக் கட்டியையும் எடுக்க வேண்டும் என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அண்ணன் தன் காலுக்கு அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு போனார்.

பலூன் இல்லாமலே இதயம் தாக்குப்பிடித்தது. சாயங்காலம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு இடது பாதத்தில் கருவியை வைத்துக் காட்டினார். சத்தம் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் மட்டும் கறுத்துப்போய், சில வாரம் கழித்து எடுக்கும்படி ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தினாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார். அதை அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனுக்கு அந்த நாள் சுத்தமாக ஞாபகம் இல்லை. போன மாதம் அவர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆபரேஷன் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"கால் போயிருக்க வேண்டியது. அந்த சிஸ்டர் சரியான நேரத்துல பாத்தாங்க" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான கூட இருந்த?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு, மீன் முள்ளைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்தேன்.