‘பதிவை எடுக்கும்’ என்று எழுதினேன்

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கடலுக்குப் போகிற படகுகள் எத்தனை ஐஸ் கட்டி வேண்டும் என்று முதல் நாளே பதிவு செய்ய வேண்டும். இதற்காக முதலாளி வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ ஒன்றை வைத்தார். அதை அமைத்துக் கொடுத்தவர்கள், பதிவு சேர்க்க, பார்க்க, நீக்க என்று அது பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். “இந்தக் கருவி என்ன செய்யும்னு தமிழ்ல எழுதிருங்க மேடம். அதைப் படிச்சுத்தான் எதை எப்ப எடுக்கணும்னு அது முடிவு பண்ணும்” என்றார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பதிவுகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் ஒரு படகுக்கார அம்மா வந்து செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நேத்துக் கேட்டேன், பத்துக் கட்டி இருக்குன்னு பதில் வந்துச்சு. இன்னைக்கு வந்தா பேரே இல்லைங்கிற. யாருக்குத் தூக்கிக் குடுத்த?”

பதில் வந்திருந்தது உண்மை. எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாததும் உண்மை.

அறையில் இரண்டே நாற்காலிகள். மற்றதில் இருந்து என்னோடு பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் பாலத்துக்கு அந்தப் பக்கத் தீவுக்காரர், மீனவர் வீட்டு அண்ணன். அவருடைய மச்சானுக்கும் ஒரு படகு உண்டு. அந்தப் படகின் பதிவு மட்டும் ஒருநாளும் காணாமல் போகவில்லை. நான் ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். துறைமுகத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம், நான்தான் வெளியாள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். போன் வந்தால் குரலைத் தாழ்த்துவார்.

“யாருண்ணே?”

“வீட்டுலதாம்மா.”

அந்த ‘வீட்டுலதான்’ எனக்கு நாள் முழுக்க உறுத்தியது.

மூன்றாவது பெயரும் போனபோது முதலாளியிடம் சொன்னேன். “அண்ணனோட மச்சான் படகு மட்டும் தப்பிச்சுக்கிட்டே இருக்கு சார்.” அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் அண்ணனை ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தப்புச் செய்யாதவர் கேட்டிருப்பாரே என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகும் பெயர்கள் போயின. அண்ணன் செல்போனிலிருந்தே ஏதோ செய்கிறார் என்று நினைத்து, இல்லாத ஒரு படகின் பெயரில் என் எண்ணிலிருந்து ஐந்து கட்டி பதிவு செய்துவைத்தேன். அன்று அதை யாரும் தொடவில்லை. அடுத்த நாள் தங்கை மகளின் புதுநன்மைப் பூசைக்காக அண்ணன் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். சும்மா, “என் பதிவு இருக்கா?” என்று அனுப்பினேன்.

“ஆம், ஐந்து கட்டி உள்ளது” என்று பதில் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அனுப்பும்முன் பட்டியலில் இருந்த அந்த வரி இப்போது இல்லை.

ஏஐ என்ன செய்தது என்று திறந்து பார்த்தேன். ஒரு கருவிக்கு எதிரே நான், “படகின் பதிவை எடுக்கும்” என்று எழுதியிருந்தேன். நீக்கிவிடும் என்ற அர்த்தத்தில் எழுதியது. எடுத்துக் காட்டும் என்று ஏஐ புரிந்துகொண்டிருக்கிறது. கருவி பதிவை நீக்கிவிட்டு, நீக்கிய விவரத்தைத் திருப்பிக் கொடுக்க, ஏஐ அதையே ‘உள்ளது’ என்று சொல்லியிருக்கிறது. இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதிவு போய்விட்டது. மச்சான் வாட்ஸ்அப்பில் கேட்கிற ஆளே இல்லை. வாசலில் நின்று அண்ணனிடம் சத்தம் போட்டுக் கேட்பார்.

உடனே வரியை மாற்றினேன்: “பதிவு வேண்டாம் என்று படகுக்காரர் சொன்னால் மட்டும் பயன்படுத்து. இது பதிவை அழித்துவிடும், திரும்ப வராது. பதிவு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இதைத் தொடாதே.”

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். “ஏஐ தப்புன்னு சொல்லிக்கலாம், விடும்மா” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இரவெல்லாம் அந்தத் தலையாட்டல் உறுத்தியது. மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அண்ணனிடம் போனேன். மெஷின் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

“அது நான் எழுதுன வரிதாண்ணே. உங்களைப் பத்திச் சொன்னதும் நான்தான்.”

அவர் மெஷினை நிறுத்தினார். “தெரியும்மா. நீ டீ குடிக்கப் போறப்பக்கூட என் ஸ்கிரீனப் படம் எடுத்துட்டுப் போவியே.”

அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது அவர் பழைய நாற்காலிக்கு வந்துவிட்டார். அதிகம் பேசுவதில்லை. ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து இரண்டு முறை படிக்கிறார். போன வாரம், “‘விட்டுப்போன படகுகளைக் காட்டும்’னு எழுதிருக்க. கரையை விட்டுப் போனதா, பட்டியல்ல விட்டுப்போனதா?” என்றார். அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எழுந்து போனார்.