நல்ல கால் சொர்க்கத்துக்கு

மெல்ச்சோர் எங்கள் ஊரான தூமாகெட்டேயின் துறைமுகத்துச் சுமைகாரர். முதுகில் அரிசி மூட்டையோடு, கப்பலுக்குப் போட்ட ஆடுகிற பலகையில் ஏறி ஏறியே தலை நரைத்தவர். ஒரு நாள் பலகையின் நடுவிலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் செயலிழந்து போயின. மகள் ரோவெனா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களிடம் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: மறுபடி எதைச் செய்ய ஆசை? ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட வேண்டும், இன்னொருவருக்குக் கரண்டி பிடிக்க வேண்டும். மெல்ச்சோர் வாயைத் திறப்பதற்குள் ரோவெனா முந்திக்கொண்டாள்.

"மாடிப்படி ஏறணும் மேடம். அது போதும். வீடு கட்டிட்டிருக்கேன், மாடி வெச்சு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாடியிலேர்ந்து கடல் தெரியுமாம்மா?"

"தெரியும்பா," என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதம் வந்த கால் முதலில். நல்லது சொர்க்கத்துக்கு, கெட்டது நரகத்துக்கு என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

"அப்ப நான் பாதிதான் சொர்க்கம் போவேனா மேடம்?"

"நல்லது போனா கெட்டது பின்னாடியே வந்துடும்."

"என் பொண்டாட்டியும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனா. இன்னும் கூப்பிடக் காணோம்!"

கைக்குப் பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். படி என்றால் மட்டும் உயிர் வந்துவிடும். வியர்வை கொட்டும், கெட்ட வார்த்தை கொட்டும், என் தோளில் சாய்வார். நான் திட்டுவேன்.

"மூட்டை தூக்கினப்பகூட யாரும் என்னை இவ்வளவு திட்டினதில்ல."

"அங்க கூலி குடுத்தாங்க. இங்க திட்டுதான் கூலி. காலைத் தூக்குங்க!"

ஒரு நாள் பயிற்சிப் படிக்கட்டின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு தனியாகவே உச்சிவரை ஏறிவிட்டார். மேலே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. நான்தான் ரோவெனாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாளே வந்தாள். "நீங்களும் வாங்க மேடம், படி ஏறும்போது பக்கத்துல இருங்க."

மெல்ச்சோர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு சின்னப் பொட்டலம்: அரிசியும் உப்பும். புது வீட்டுக்குள் எங்கள் வழக்கப்படி முதலில் போவது அவைதான். வண்டி கடலுக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் திரும்பியது. "வழி தப்பு," என்றார். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தின் முன்னால் வண்டி நின்றது. அவள் வண்டியிலிருந்து அவருடைய துணிப்பையை இறக்கினாள்.

சிஸ்டர் சிரித்த முகத்தோடு வந்தார். "படுக்கைல இருக்கறவங்களைப் பாத்துக்க எங்ககிட்ட ஆள் இல்ல. நடமாடறவங்களை மட்டும்தான் சேத்துக்கறோம். கட்டில் மாடியில. ஏறிடுவாரா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. படுக்கையிலேயே கிடந்திருந்தால் அந்த மனுஷன் மகளோடு இருந்திருப்பார். இங்கே தள்ளிவிடத் தோதாக நான் அவரைத் தேற்றிக் கொடுத்திருக்கிறேன். என்னையும் சேர்த்தே ஏமாற்றியிருக்கிறாள் பாவி.

"உன் வீட்டு மாடி என்னாச்சு?" என்று கேட்டார் மெல்ச்சோர்.

"காலேஜ் பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டாச்சுப்பா. கடன் இருக்குல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன்."

அவர் கம்பை ஊன்றிப் படிவரை நடந்தார். முதல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, ஏறுங்கப்பா. சிஸ்டர் பாக்கறாங்க."

அவர் அசையவில்லை.

"மேடம், நேத்துகூட தனியா ஏறினாருல்ல? நீங்களே சொல்லுங்க."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். "இவரால முடியாது சிஸ்டர்," என்றேன்.

"பொய்!" என்று கத்தினாள் ரோவெனா. "அப்பா, நேத்து ஏறினீங்களா இல்லையா?"

மெல்ச்சோர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை இடது கையால் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஏறினேம்மா. அது உன் வீட்டு மாடிக்கு."