அண்டாவோடு வண்டி பார்க்கப் போனது

வெறும் அண்டாவைக் கல்தரையில் வைத்தால் ஒரு சத்தம் வரும். ணங்கென்று எழுந்து, உள்ளுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்புக்கு வந்து நின்று, போக மனமில்லாமல் போகும். வலியசாலையில் எங்கள் தெருவில் விசேஷ நாட்களில் விடியும் முன்னே அதைக் கேட்கலாம். நேற்றும் கேட்டது. யார் வீட்டிலோ சீமந்தம். புரண்டு படுத்தேன். ஒரு காதைத் தலையணையில் அழுத்தி, மற்றதைக் கையால் மூடினேன். மூடியதும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. வெள்ளைத் தரை, கண்ணாடிச் சுவர், புது ரப்பர் வாசனை ஏறிய குளிர்காற்று, அதன் நடுவில் ணங். போன ஓணத்துக்கு முந்திய ஒரு மத்தியானம், பைபாஸ் ரோட்டில் ஒரு வண்டி ஷோரூமில், என் தங்கையை யாரென்று நான் சொன்னேன் என்பது அந்தச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

தங்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் தவறிப்போன பிறகு அவள் சமையல் ஒப்பந்தம் எடுக்க ஆரம்பித்தாள். முதலில் தெருவிலேயே ஒரு சஷ்டியப்தபூர்த்தி, பிறகு ஒரு நிச்சயதார்த்தம், பிறகு ஆரியசாலை மொத்த வியாபாரிகள் வீட்டுக் கல்யாணங்கள். இன்று அவளிடம் ஐந்தாறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நான் தனி ஆள். மற்றவர்கள் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பது உத்தியோகம். வீட்டுக்கு வந்ததும் யாராலும் சரிபார்க்க முடியாததை எழுதுவது வியாதி. கவிதையும் இல்லை, கட்டுரையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நிலைகொள்ளாமல் அலைகிற ஒன்று. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. காலைக் காப்பியிலிருந்து ராத்திரி மோர்சாதம் வரை எனக்கு அவள் கைதான்.

விதுரைக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில் ஒரு சிறிய ஆசிரமம். ஞாயிறுதோறும் அங்கே அன்னதானம். இங்கே சமைத்து அங்கே கொண்டு சேர்ப்பது அவள் பொறுப்பு. தார் ரோடு முடிந்ததும் செம்மண் ஏற்றம். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் ஒரு ஞாயிறு, வாடகை வேன் அந்த ஏற்றத்தில் பாதி ஏறி, பின்சக்கரம் வெறுமனே சுழன்று, வந்த வழியே வழுக்கி, ஓடையோரம் சாய்ந்துவிட்டது. சாம்பார் முழுக்கச் சரிவில் ஓடியது. மிஞ்சியதை அவளும் அவள் பெண்களும் நனைந்துகொண்டே தலையில் சுமந்து ஏறினார்கள்.

நான் அங்கே இல்லை. கேட்டறிந்ததும் உட்கார்ந்து எழுதினேன். செம்மண்ணோடு கலந்து இறங்கும் சாம்பாரை, அதில் மிதந்துபோகும் முருங்கைக்காய்களை, மலையே பந்திக்கு உட்கார்ந்துவிட்டதை. ஒரு பத்திரிகையில் என் போட்டோவோடு வந்தது. தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"அன்னிக்கு எனக்கு அழுகையா வந்தது," என்றாள். "உனக்கு நன்னா வந்திருக்கு."

ஆசிரமத்துக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும், ஐப்பசி மழைக்குள் ஏற்றம் ஏறுகிற வண்டி ஏற்பாடாகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிறுகளை நம்பித்தான் அவளிடம் அத்தனை பெண்களும் நிலையாக நின்றார்கள். ஆக, நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் ஒன்று வேண்டும். அதுவரை அவள் சைக்கிள்கூட வாங்கியதில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மைதானத்தில் கம்பி ஒன்றையும் சாய்க்காமல் 'எச்' போட்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தாள். எனக்கு ஸ்கூட்டரே கோணலாகத்தான் போகும்.

சாயங்காலங்களில் அடுக்களை மேடையில் போனைச் சாய்த்துவைத்து வண்டிகளைப் பார்த்தோம். அவளுக்கு வேண்டியது தெளிவாக இருந்தது. கியர் கையால் போடுவதாக இருக்கவேண்டும். "எறக்கத்துல பிரேக்கை நம்பப்படாது. கியர்தான் பிடிச்சு நிறுத்தணும்." திரையும் பாட்டும் வேண்டாம். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினால் போதும். கெட்டுப்போக எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு விஷயத்தில்தான் தர்க்கம். முன்னால் ஓட்டுபவரும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்து, பின்னால் நீளமான தொட்டி உள்ளது ஒரு வகை. பின்சீட்டும் வைத்து, தொட்டியைக் குறுக்கியது இன்னொரு வகை. நான் பின்சீட்டுக்காக வாதாடினேன்.

"ஞாயித்துக்கிழமை நானும் வருவேனே."

"எதுக்கு? பரிமாறவா?"

"மழை பார்க்க."

சிரித்தாள். "ஓ, பின்னே! மழை பாக்க ஒரு சீட்டு. ஆயிக்கோட்டே. தொட்டியில இடம் போறலைன்னா ரச அண்டாவை மடியில வெச்சுண்டு வா, கேட்டியா."

அப்படித்தான் எனக்கொரு சீட்டு முடிவாயிற்று. அன்றிரவே அதில் உட்கார்ந்து எழுதப் போவதையெல்லாம் மனத்தில் எழுதிவிட்டேன்.

ஷோரூமுக்குக் கூட வரச்சொன்னதும் அவள்தான். "எனக்கு வண்டியைத் தெரியும். அவாளுக்கு என்னைத் தெரியாதே. பக்கத்துல நீ ஒருத்தன் நின்னாப் போறும், பாதிக் கேள்வி கேக்கமாட்டா." நான் அலுவலகத்திலிருந்து நேராகக் கிழக்கேகோட்டை போய், பஸ் பிடித்து, அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். ஒரே கூரைக்கு இந்தப் பக்கம் கார்கள். பின்பக்கத்து முற்றத்தில் சுமை வண்டிகள். டை கட்டிய விற்பனைக்கார இளைஞன் வந்து கேட்டபோது, ஒருத்தர் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி சோபாவில் உட்கார்ந்தேன்.

எதிரில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர், மனைவியோடு கார் எடுக்க வந்தவர்.

"சார், நீங்க எழுதுறவருல்லா?" என்றார்.

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்றேன். மனைவியை அழைத்தார். "ஏய், இங்க வா. நான் படிச்சுக் காட்டுனேம்லா, மலையில சாம்பாரு ஓடுனது? அது சார் எழுதுனதுதான்." அந்த அம்மாள் கைகூப்பினார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. "அதுல ஒரு அம்மா தலையில சொமந்துக்கிட்டு ஏறுவாள்லா, நெசமாவே அப்படி ஒரு ஆளு உண்டுமா சார்?"

"அதெல்லாம் கொஞ்சம் கற்பனையும் கலந்தது," என்றேன்.

அப்போதுதான் அந்த ணங்.

வாசலில் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ. அடிப்பக்கம் கரி ஏறிய பெரிய அலுமினிய அண்டாவை அவளும் ஆட்டோக்காரருமாக இறக்கி, படியேறி, அந்த வெள்ளைத் தரையில் வைத்திருந்தார்கள். கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிய வேலைப் புடவை, மஞ்சள் கறை படிந்த முந்தானை. வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. அண்டா தொட்டியில் எப்படி உட்காருகிறது என்று பார்க்காமல் வண்டி வாங்கமாட்டேன் என்று அவள் முன்பே சொன்னதுதான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். புடவை வாங்கினால் வெயிலில் பிடித்துப் பார்ப்பதில்லையா? அவ்வளவுதான் அது. இப்போது தெரிகிறது.

டை கட்டிய இளைஞன் என்னிடம் குனிந்தான். "சாரே, ஆ சேச்சி சாரின்றெ கூடே வந்நதாணோ?" அந்த அக்கா என்னோடு வந்தவரா என்று மலையாளத்தில் கேட்கிறான். நாகர்கோவில்காரரும் அவர் மனைவியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அல்ல," என்றேன். "வீட்டில் குக்கிங்கினு வருந்நதா."

இல்லை. வீட்டில் சமைக்க வருகிறவள்.

தமிழில் கேட்டிருந்தால் நாக்கு இடறியிருக்கும் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இடறியிருக்காது. எந்த மொழியில் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அந்த மொழியில் சொல்லியிருப்பேன். இன்னொன்றும் சொல்லிப் பார்த்தேன், அவள் எனக்குச் சமைப்பது உண்மைதானே என்று. அது இன்னும் கேவலம்.

அடுப்புச் சத்தத்துக்கு நடுவிலும் மூன்றாம் அறையில் பால் பொங்குவதைக் கேட்கிற காது அவளுடையது. நேராக வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதெ மோனே, குக்கு தன்னே. வண்டி வாங்கான் வந்ந குக்கு." ஆமாம், சமையல்காரியேதான், வண்டி வாங்க வந்த சமையல்காரி. பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், நல்ல மரியாதையாக: "சார் முன்னாடியே வந்தாச்சா? சார் உங்க காரியத்தைப் பாருங்கோ. நான் என் காரியத்தைப் பாக்கறேன்."

அண்டாவை உருட்டிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள். இளைஞன் அவள்கூடவே ஓடினான்.

அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். இரண்டு சொல் போதும், என் தங்கை. ஆனால் நாகர்கோவில்காரர், "சாரும் காரு பாக்கவா வந்தீய?" என்று கேட்டதும் வாய், "ஆமாம், சின்னதா ஒண்ணு," என்றது. ஒரு பொய்க்கு உட்கார இடம் வேண்டுமே. அவரே ஒரு காரின் கதவைத் திறந்து என்னை உள்ளே உட்காரவைத்தார். "கியரே கிடையாது சார், மெத்தை கணக்கா இருக்கு பாருங்க." எதையும் ஓட்டத் தெரியாத நான் கியர் இல்லாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்துக்குப் போகிற கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டது.

தொட்டியின் பின்பலகையை இறக்கி, அதன் உயரத்தைத் தன் மார்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கயிறு கட்டும் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "தொட்டியைக் கழுவினா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றாள். டை கட்டிய பையன் அதை விட்டு, விலை கூடிய வண்டியின் தொடுதிரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"அதுல ரசம் கொதிக்குமா?"

வாட்ச்மேன் உரக்கச் சிரித்தான். அந்தப் பையனும் சிரித்தான். கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டை லிவரைக் காட்டினான். அதைப் போட்டால்தான் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அவள் ஏறி உட்கார்ந்து அதைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். "இது கொள்ளாம், நன்னாருக்கு. எப்போ போட்டேன்னு கைக்குத் தெரியறது."

பிறகு செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கேட்டு வாங்கி அண்டாவில் முக்கால்வாசி நிரப்பினாள். ஏற்றத்தில் தளும்புகிறதா என்று பார்க்கவேண்டுமாம். அதைத் தொட்டியில் ஏற்ற ஒரு பக்கத்துக் காதை அவள் பிடித்தாள். மறுகாதுக்கு ஆள் வேண்டும். அந்தப் பையன் தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டான்.

நான் காரிலிருந்து இறங்கினேன். முற்றம்வரை நடந்தேன். மறுகாதைப் பிடித்தேன்.

அவள் தூக்கவில்லை. "வேண்டாம் சார். கரி படும்," என்றாள்.

"படட்டும்."

"சார் வெள்ளைச் சட்டை போட்டுண்டு வந்திருக்கேள். கையை எடுங்கோ."

பிடித்தபடியே நின்றேன். தங்கை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாகர்கோவில்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எழுத்தாளர் உதவி செய்வதை நெகிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நெகிழ்ச்சியும் எனக்கு வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். வாட்ச்மேன் என்னை மெல்ல நகர்த்திவிட்டு அண்டாவின் காதைப் பிடித்தான். இருவருமாக ஒரே மூச்சில் ஏற்றினார்கள்.

ஓட்டிப் பார்க்கப் பக்கத்து மேட்டு ரோட்டுக்குப் போனாள். பையன் அருகில் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தான். திரும்பி வந்ததும் முதலில் அண்டாவைத்தான் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. தலையாட்டிக்கொண்டாள்.

"இதுதான். ஆனா ரெண்டு சீட்டு உள்ளது போறும். தொட்டி நீளமா வரட்டும்."

முன்பே போனில் பேசியது அவள்தான் என்று பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. "போனில் விளிச்ச சேச்சி அல்லே? பின்சீட்டு வேணும்னு பறஞ்சதாணல்லோ?"

"பறஞ்சேன். மழை பாக்க ஒருத்தர் வரதா இருந்தது," என்றாள். "வரல்லே."

அவன் அடுத்த விவரத்துக்குப் போய்விட்டான். எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டான். வெள்ளை, என்றாள் அவள், அழுக்கு தெரியட்டும். நான் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி அவளுக்குக் கிடைத்துவிட்டது. மழைக்கு முன் வந்துவிடும். ஞாயிறுகள் அவளுக்கே நிற்கும். சந்தோஷப்படத்தான் வேண்டும். சந்தோஷப்படுவதற்கும் நான் அவளுக்கு யாராவது ஆகியிருக்க வேண்டும்.

வெளியே பெட்டி ஆட்டோ காத்திருந்தது. ஈர அண்டாவைப் பின்னால் ஏற்றிவிட்டு அவள் டிரைவரின் அருகில் ஏறப்போனாள். நான் கிட்டே போனேன். கூப்பிட்டேன். அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், பல வருஷத்துக்குப் பிறகு.

திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எதுல போப்போறே, அண்ணா?" என்றாள். மத்தியானம் முழுக்கக் கேட்ட சார் அதில் இல்லை. "பின்னாடி அண்டாவோட ஏறிக்கோயேன். காத்தோட்டமா இருக்கும். ஆத்து வாசல்லயே எறங்கிக்கலாம்."

ஏறுகிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். காலும் எடுத்துவைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் கண் ஒரு தடவை திரும்பி அந்தக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துவிட்டது, உள்ளே யாராவது நிற்கிறார்களா என்று.

அவள் அதைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

"பஸ் வரது பாரு. ஓடு."